டிரெய்லருக்குப் புதிய பிரேக் லைன்: எதைப் பார்த்து, எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் குழாயான பிரேக் லைனை மாற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "ஸ்டீல் போடலாமா, ஸ்டெயின்லெஸ் போடலாமா, காப்பர் நிக்கல் நல்லதா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் ஐந்தாவதாகக் கேட்க வேண்டியது. எவ்வளவு நல்ல உலோகமாக இருந்தாலும் குழாயின் முனை மாஸ்டர் சிலிண்டரின் (பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளை) துளையில் சரியாக உட்காரவில்லை என்றால் அந்தக் குழாயால் பயனில்லை. புதுக் குழாய் அழுத்தம் தாங்காமல் நடுவில் வெடிப்பது அபூர்வம். கசிவு பெரும்பாலும் நட் உட்காரும் முனையிலும், கிளிப்புக்கு அடியில் துரு அரித்த இடத்திலும், ரப்பர் ஹோஸ் வளைந்து வளைந்து களைத்த இடத்திலும்தான் வரும். அதனால் இங்கே முனைகளைப் பற்றி அதிகமும் உலோகத்தைப் பற்றிக் குறைவாகவும் பேசப் போகிறேன்.

படி 1: உங்கள் டிரெய்லரில் என்ன பிரேக்?

லைனே இல்லாத டிரெய்லர்களும் உண்டு. எலெக்ட்ரிக் டிரம் பிரேக் என்றால் சக்கரத்துக்குப் போவது இரண்டு ஒயர் மட்டும். உள்ளே ஒரு காந்தம் டிரம்மைப் பிடித்து ஷூவைத் தள்ளுகிறது. சில சிறிய டிரெய்லர்களில் இணைப்பில் விழும் தள்ளுவிசையை இரும்புக் கம்பியும் கேபிளும் சக்கரத்துக்குக் கொண்டுபோகின்றன. இந்த இரண்டிலும் ஆயில் கிடையாது.

ஆயில் உள்ளவை இரண்டு. ஒன்று சர்ஜ் பிரேக். இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளுதலே இணைப்புக்குள் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். மற்றது எலெக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக். இதில் மின்மோட்டார் ஒன்று பம்பை இயக்கி அழுத்தம் தருகிறது. இந்த வகை ஆக்சுவேட்டர்கள் (அழுத்தம் தரும் அமைப்புகள்) டிரம் பிரேக்குக்குச் சுமார் 1000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), டிஸ்க் பிரேக்குக்குச் சுமார் 1600 பி.எஸ்.ஐ. என்று இரண்டு விதமாக வருகின்றன. டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றும் சாக்கில் லைனையும் மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் மிச்ச அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சிறு வால்வு இருக்கலாம். டிஸ்க் போட்ட பிறகும் அதை எடுக்காமல் விட்டால் பேட் விடாமல் உரசும். பழியை எல்லோரும் புது லைன் மேல்தான் போடுவார்கள்.

கனரக டிரெய்லர்களில் இருப்பது ஏர் பிரேக். அதன் லைன் வேறு உலகம். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படி 2: ஒரு துண்டா, முழுவதுமா?

கசியும் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ஒரு இணைப்பு போடலாமே என்று தோன்றும். லைன் புதிதாக இருந்து, கல் பட்டு ஒரே இடத்தில் நசுங்கியிருந்தால் செய்யலாம், அதுவும் ஃபிளேர் செய்த (அதாவது விரித்து வடிவமைத்த) முனைகளும் அவற்றை இணைக்கும் யூனியனும் வைத்து. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கை பிரேக் லைனில் போடவே கூடாது. அது குழாயை வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே. பிரேக்கின் அழுத்தமும் சாலை அதிர்வும் சேர்ந்தால் குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும்.

துருவால் ஓட்டை விழுந்திருந்தால் என் கணக்கு எளிது: முழு லைனையும் மாற்றுங்கள். அதே காலத்தில் போட்ட, அதே மழையில் நனைந்த குழாய்தானே மீதியும். டிரெய்லர் ஓடும் நாளைவிட நிற்கும் நாள் அதிகம் என்பதால் கார் லைனைவிட இதில் துரு சீக்கிரம் ஏறும். கிளிப்புகளைக் கழற்றி அடியில் பாருங்கள். சேஸ் பெட்டிக்குழாய்க்குள் லைன் ஓடினால் அது உள்ளே நுழையும் துளையையும் வெளியே வரும் துளையையும் பாருங்கள். அங்கிருக்கும் ரப்பர் வளையம் விழுந்து போயிருந்தால் இரும்பு விளிம்பு குழாயை அறுத்துக்கொண்டிருக்கும்.

ஹோஸை வெளியே மட்டும் பார்த்து நல்லது என்று விடாதீர்கள். உள்சுவர் உப்பிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் உள்ளே போகும், ஆனால் திரும்பி வராது. ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சூடேறியிருந்தால், டிஸ்க்கின் காலிப்பரையோ டிரம்மின் வீல் சிலிண்டரையோ கழற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்து ஹோஸைச் சந்தேகியுங்கள்.

படி 3: முனைகளை அடையாளம் காணுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய லைனைக் கழற்றியதும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு முனையையும் துணியால் துடைத்து, வெர்னியர் காலிப்பரும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஃபிளேர் வடிவம். டபுள் ஃபிளேரில் குழாயின் முனை உள்நோக்கி மடிந்து, புனல்போல விரிந்திருக்கும். விளிம்பில் உலோகம் இரண்டு அடுக்காகத் தெரியும். அது உட்காரும் துளைக்குள் டார்ச் அடித்தால் அடியில் ஒரு கூம்பு மேல்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். புனல் அந்தக் கூம்பின் மேல் கவிழ்ந்து அமரும். இது 45 டிகிரி கோணம். பப்பிள் ஃபிளேர் இதற்கு நேர்மாறு. குழாயின் முனை வெளிப்புறமாக உப்பி, சிறிய காளான் தலைபோல இருக்கும். துளையின் அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்திருக்கும்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் நட் ஏறும், இறுகும், கையில் பலமாகவே இருப்பதாகத் தோன்றும். அழுத்தம் வந்ததும் கசியும். அதைப் பார்த்து இன்னும் இறுக்குவார்கள், துளையின் இருக்கை (முனை அமரும் பரப்பு) கெடும், கடைசியில் மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டி வரும். இன்னொரு குறுக்குவழியும் உண்டு. டபுள் ஃபிளேர் கருவியில் முதல் அழுத்தத்தோடு நிறுத்தினால் வரும் உப்பலைப் பப்பிள் ஃபிளேர் என்று சொல்லிப் போட்டுவிடுவார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், அளவும் கோணமும் வேறு. பப்பிளுக்கு அதற்கான டையே (அச்சு) வேண்டும்.

ஒரே ஒரு அடுக்காக விரித்த 45 டிகிரி சிங்கிள் ஃபிளேர் ஏ.சி., எரிவாயு வேலைகளுக்கு உரியது. பிரேக் லைனில் அது வெடிக்கும். பந்தயக் கார்களில் வரும் 37 டிகிரி ஃபிளேர் வேறு வகை. அதற்கென்று ஸ்லீவும் நட்டும் உண்டு. அவற்றோடு சேர்த்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். 45 டிகிரி இருக்கையில் 37 டிகிரி முனை சேராது.

அடுத்து மரை. 3/16 அங்குலக் குழாய்க்கு அங்குல முறையில் பொதுவாக வரும் நட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 1/4 அங்குலக் குழாய்க்கு 7/16 அங்குலம், அதே 24 மரை. மெட்ரிக் முறையில் 4.75 மில்லிமீட்டர் குழாய்க்கு எம்10 × 1.0 நட்தான் பரவலானது. ஆபத்து இந்த 3/8-க்கும் எம்10-க்கும் நடுவில் இருக்கிறது. 3/8 அங்குலம் என்பது 9.53 மில்லிமீட்டர், அதன் மரை இடைவெளி 1.06 மில்லிமீட்டர். எம்10-இல் இவை 10-ம் 1-ம். வித்தியாசம் இவ்வளவு குறைவு என்பதால் 3/8 நட் எம்10 துளைக்குள் தளர்வாக ஏறிவிடும். ஏறினது போலத் தெரியும், பிடிப்பு இருக்காது. அவசரமாக பிரேக் விழும் அன்று பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே கண்ணை நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் நட்டின் மரைப்பகுதியை அளங்கள்: 9.4, 9.5 என்று காட்டினால் அது 3/8; 9.8, 9.9 என்றால் எம்10. மரை அளக்கும் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது.

நட்டின் நுனியும் ஒரு சாட்சி. டபுள் ஃபிளேர் நட்டின் நுனி உட்புறம் சாய்வாக வெட்டியிருக்கும். பப்பிள் நட்டின் நுனி தட்டையாக இருக்கும். பலவற்றில் நுனிக்கு அருகே சிறிது தூரம் மரை இருக்காது. நட் எந்த வகையோ ஃபிளேரும் அந்த வகை.

ஒரே டிரெய்லரில் இரண்டு முறையும் கலந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆக்சுவேட்டர் ஒரு கம்பெனி, ஆக்சில் இன்னொரு கம்பெனி, நடுவில் யாரோ ஒருவர் எப்போதோ மாற்றிய டீ (லைனைப் பிரிக்கும் மூன்று வழி இணைப்பு). ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் அப்படியே என்று எழுதிக்கொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

படி 4: தடிமனும் நீளமும்

குழாயின் அளவு என்பது எப்போதும் வெளிவிட்டம். 4.75 அல்லது 4.76 என்று வந்தால் 3/16 அங்குலம். 6.35 என்றால் 1/4 அங்குலம். 6.0 என்று வந்தால் அது மெட்ரிக் குழாய். 1/4 அங்குல நட்டில் லூசாக ஆடும். பெயின்ட் உரித்துவிட்டு அளக்க வேண்டும்.

"பெரிய குழாய் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அடைத்து வைத்த ஆயிலில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். குழாய் பெரிதானால் அது அதிகமாகாது. நீளமான டிரெய்லர்களில் முன்னாலிருந்து ஆக்சில் வரை 1/4 அங்குலமும் அதற்குப் பின் 3/16-ம் போடுவது ஆயில் வேகமாகப் போய்ச் சேர்வதற்காக. உங்களுடையதில் கம்பெனி எதைப் போட்டதோ அதையே போடுங்கள்.

நீளத்துக்குத் தடித்த ஒயர் ஒன்றை எடுத்துப் பழைய லைன் போன வழியே வளைத்து, பிறகு நீட்டி அளங்கள். டேப்பால் நேர்க்கோட்டில் அளந்தால் வளைவுகளில் போகும் நீளம் கணக்கில் வராது. ஒவ்வொரு முனைக்கும் ஃபிளேர் செய்யவும், முதல் ஃபிளேர் கெட்டால் வெட்டி மறுபடி செய்யவும் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

படி 5: இப்போது உலோகம்

சாதாரண ஸ்டீல் லைன் என்பது இரண்டு சுற்றாக உருட்டி, செம்பால் பற்றவைத்த குழாய். பலமானது, மலிவானது, ஃபிளேர் நன்றாக வரும். மேல்பூச்சு உரிந்த இடத்தில் துரு தொடங்கிவிடும். வாங்குவதானால் பிளாஸ்டிக் பூச்சுள்ள வகையை வாங்குங்கள். வளைக்கும்போது பூச்சில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பு நிக்கல் கலவை, சிலர் குனிஃபர் என்பது, ஏறக்குறைய 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும். வோல்வோ 1970களிலேயே தன் கார்களில் இதைப் போடத் தொடங்கியது. துரு கிட்டத்தட்டக் கிடையாது, கையால் வளையும், ஃபிளேர் முதல் முறையிலேயே சுத்தமாக வரும். வீட்டில் தானே செய்கிறவருக்கு என் தேர்வு இதுதான். மென்மையானது என்பதால் கல் அடிபடும் இடத்தில் மேலே ஸ்பிரிங் உறை போட வேண்டும். கிளிப்புகளும் நெருக்கமாக வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் உப்புநீரில் இறங்கும் படகு டிரெய்லருக்கு ஏற்றது. ஆனால் அது கடினம். சாதாரணக் கைக்கருவியில் டபுள் ஃபிளேர் செய்ய முயன்றால் விரிசல் விடும், அல்லது இருக்கையில் முழுதாகப் படியாது. கம்பெனியிலேயே ஃபிளேர் செய்து வரும் துண்டுகளை வாங்குவது நல்லது. அதற்கும் சாதாரண இரும்பு நட் போட்டால் குழாய் பளபளவென்று இருக்க நட் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். நட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே கேளுங்கள்.

சுத்தச் செம்பும் அலுமினியமும் வேண்டாம். செம்பு அதிர்வில் இறுகி இறுகிக் கடைசியில் விரிசல் விடும். கடையில் சுருளாகத் தொங்குவது செம்பு நிக்கலா வெறும் செம்பா என்பது நிறத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும்: சுத்தச் செம்பு நல்ல சிவப்பு, கலவை வெளிறிய நிறம். ஆனாலும் பிரேக்குக்கு உரியது என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 6: ஹோஸ்

எங்கெல்லாம் ஹோஸ் வேண்டும் என்பதைச் சஸ்பென்ஷன் சொல்லும். லீஃப் ஸ்பிரிங் ஆக்சிலில் முழு ஆக்சிலும் மேலும் கீழும் போகிறது. எனவே சேஸிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு ஹோஸ், அதன்பின் ஆக்சில் மேல் உலோகக் குழாய். டிரம் என்றால் அந்தக் குழாய் நேராக வீல் சிலிண்டருக்கே போகலாம். டிஸ்க் என்றால் காலிப்பர் நகரும் என்பதால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இன்னொரு ஹோஸ். டார்ஷன் ஆக்சிலில் ஆக்சில் குழாய் சேஸோடு பிணைந்திருக்கும், நகர்வது சக்கரத்தின் கை மட்டுமே. அதில் டிரம்மானாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஹோஸ் தேவை.

நீளத்தை டிரெய்லர் தரையில் நிற்கும்போது மட்டும் அளந்தால் போதாது. சேஸை ஜாக்கில் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இழுபடக் கூடாது. சுமை ஏற்றி அமுங்கும்போது டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசக் கூடாது. இரண்டு நிலைக்கும் ஒத்துவரும் நீளத்தில் மிகச் சிறியதை எடுங்கள். காரணம் இருக்கிறது: ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சற்றே உப்பும். கால் மிதியுள்ள வண்டியில் இன்னும் கொஞ்சம் மிதித்துச் சமாளிக்கலாம். சர்ஜ் ஆக்சுவேட்டரின் தண்டு போகும் தூரமோ வரையறை உள்ளது. உப்பலுக்குப் போகும் ஆயில் அந்தத் தூரத்திலிருந்துதான் வரும். முன்னாலிருந்து பின்வரை சாதாரண ரப்பர் ஹோஸையே ஓட்டிவிடும் யோசனை இங்கேதான் அடிபடும். அப்படி ஒரே ஹோஸாக ஓட்ட வேண்டுமானால் அதற்கென்றே செய்த, உப்பல் குறைந்த வகை வேண்டும்.

நல்ல ஹோஸ் தன்னைப் பற்றித் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதி 106 படி செய்த ஹோஸில் டாட் என்ற குறி, தயாரிப்பாளர் குறி, தயாரித்த தேதி, உள்விட்டம், பிறகு எச்.ஆர். அல்லது எச்.எல். என்ற எழுத்துகள் இருக்கும். எச்.ஆர். என்றால் சாதாரண உப்பல், எச்.எல். என்றால் குறைந்த உப்பல். சொன்ன காரணத்தால் சர்ஜ் பிரேக்குக்கு எச்.எல். நல்லது. 1/8 அங்குலம் வரை உள்விட்டமுள்ள ஹோஸ் 7000 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வெடிக்கக் கூடாது என்பது அந்த விதி. அதைவிடப் பெரியதற்கு 5000. தேதியைக் கண்டிப்பாகப் பாருங்கள். அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர், பெட்டி புதிதாக இருந்தாலும் பழைய ரப்பர்தான்.

ஹோஸின் நெடுக எதிரெதிரே ஓடும் இரண்டு கோடுகள் அலங்காரத்துக்கு அல்ல. பொருத்திய பிறகு கோடு நேராக ஓட வேண்டும். சுற்றிக்கொண்டு ஓடினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கழற்றி மறுபடி போடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் பின்னல் போட்ட ஹோஸ் உப்பல் குறைந்தது, பார்க்கவும் அழகு. ஆனால் உள்ளே விரிசல் வந்தால் பின்னல் மறைத்துவிடும். உப்பும் மணலும் பின்னலுக்குள் தங்கும். படகு டிரெய்லருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஏர் பிரேக் டிரெய்லர் என்றால்

இங்கே ஃபிளேர் கிடையாது, அழுத்தமும் ஏறத்தாழ 8 பார் மட்டும். சேஸ் மேல் ஓடுவது நைலான் குழாய். எஸ்.ஏ.இ. ஜே844 என்ற எழுத்தைத் தேடுங்கள். அதில் பி வகைக்கு நடுவே நூல் வலுவூட்டல் இருக்கும். இந்தக் குழாய் சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எனவே சூடான இடங்களுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே, அசையும் இடத்தில், ரப்பர் ஏர் ஹோஸ் மட்டுமே. கடையில் கிடைக்கும் சாதாரண நியூமேட்டிக் குழாய் நிறத்திலும் தடிமனிலும் அப்படியே இருக்கும், அதை வாங்காதீர்கள். சப்ளை லைனையும் கட்டுப்பாட்டு லைனையும் பழைய நிறங்களிலேயே மாற்றுங்கள், அடுத்து கைவைப்பவர் குழம்பாமல் இருப்பார்.

படி 7: கிட்டா, தனித்தனியாகவா?

ஆக்சில் எண்ணிக்கையும் டிரெய்லர் நீளமும் சொன்னால் லைன், டீ, ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்ந்து வரும் கிட்டுகள் உண்டு. ஃபிளேர் கருவி இல்லாதவருக்கு இதுவே சரி. மிஞ்சும் நீளத்தைச் சுருட்டிக் கட்டிவிடுவது மட்டும் கூடாது. அதில் காற்று தங்கும். படி 3-இல் எழுதிய சீட்டுகளை வைத்துக்கொண்டு கிட்டின் முனைகளை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ஹோஸ் சேஸில் பிடிக்கும் பிராக்கெட், லாக் கிளிப், பேன்ஜோ போல்ட்டுக்கு (ஆயில் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) இருபுறமும் போடும் காப்பர் வாஷர் ஆகியவை கிட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வாஷரை மறுபடி போட வேண்டாம். ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை சரியாக அடைக்காது.

படி 8: பொருத்துதல்

குழாயை பைப் கட்டரால் வெட்டுங்கள். ஹேக்ஸா பொடி உள்ளே விழும். உட்புறப் பிசிறை எடுங்கள். ஃபிளேர் செய்யுமுன் நட்டை மாட்டுங்கள் (சிரிக்க வேண்டாம், எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் நடப்பதுதான்). முழு லைனும் தயாரானதும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

வளைவுகளுக்கு வளைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒருமுறை மடிந்து நசுங்கிய குழாயை நிமிர்த்திப் போடாதீர்கள். ஏறக்குறைய 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் உறை போட்ட கிளிப். நட்டை முதலில் விரலால் முழுக்க ஏற்ற வேண்டும். விரலால் ஏறாவிட்டால் மரை வேறு அல்லது கோணல். கடைசியில் ஃபிளேர் நட் ஸ்பேனர். டெஃப்லான் டேப் வேண்டாம். ஃபிளேரில் அடைப்பது உலோகத்தோடு உலோகம்; டேப் அங்கே உதவாது, அதன் இழை மட்டும் உள்ளே போய்ச் சேரும்.

படி 9: ஆயில், ஏர், சோதனை

மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் எழுதியிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். டாட் 3, 4, 5.1 ஆகியவை கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான். இவற்றோடு கலக்கக் கூடாது. கிளைகால் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதும் கொதிநிலை இறங்கும்: டாட் 3-க்கு 205 டிகிரியிலிருந்து 140-க்கு, டாட் 4-க்கு 230-லிருந்து 155-க்கு. திறந்து பல மாதம் ஆன டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் பாகங்கள் உப்பிவிடும்.

லைனில் சிக்கிய ஏர் எடுப்பதை ஆக்சுவேட்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் டேங்க் காலியாக விடாதீர்கள். குமிழி வராமல் ஆயில் மட்டும் வரத் தொடங்கியதும், பிரேக்அவே லிவரை இழுத்து அழுத்தத்தை அப்படியே நிறுத்தி வையுங்கள். டிரெய்லர் கழன்றுவிட்டால் நிறுத்தப் போவதும் இந்த அழுத்தம்தான், ஆகவே மெதுவான கசிவும் இங்கே கசிவுதான். சிறிது நேரம் விட்டு ஒவ்வொரு மூட்டையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ஃபிளேர் படிந்துகொள்ள அது பெரும்பாலும் போதும். அப்படியும் கசிந்தால் வெட்டிவிட்டுப் புது ஃபிளேர்.

முதல் ஓட்டம் காலி டிரெய்லரோடு, மெதுவான வேகத்தில், பலமுறை பிரேக் விழும்படி. நிறுத்தியதும் எல்லா ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். கை வைக்காமல், சிறிது தள்ளி உள்ளங்கையைக் காட்டினாலே வித்தியாசம் தெரியும். பிறகு கிளிப்புகளையும் ஹோஸ் உரசிய தடம் உண்டா என்பதையும் பார்த்துவிட்டு, டேங்கில் ஆயில் மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.